பதினான்காம் வில்லை

பிப்ரவரி 3

பருப்பு மண்டி முதலாளி புது வருட டைரியைப் பிப்ரவரியில் கொடுத்திருக்கிறார். கேட்டால் அச்சகத்தில் தாமதமாம். முதல் பக்கத்தில் கட்டம் போட்டு நிரப்பச் சொல்லியிருந்தது. நிரப்பினேன். பெயர்: சீனிச்சாமி. வயது: 54. தொழில்: மூட்டை தூக்குவது, சங்கச் செயலாளர். இரத்த வகை: சிவப்பு. அவசரத்தில் தெரிவிக்க வேண்டியவர்: வேலுத்தாய், மனைவி. உடல் நலக் குறைபாடு ஏதேனும்: இல்லை.

மார்க்கெட் வாசலில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஆவுடையூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் எல்லோரும் ஏப்ரல் 15-க்குள் மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். கட்டணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். சேராதவனுக்கு பேட்ஜ் கிடையாது. பேட்ஜ் இல்லாதவன் வாசலைத் தாண்ட முடியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், கேட்காவிட்டால் உன் சோற்றைப் பிடுங்குவேன் என்கிறார்கள். சங்கத்து ஆட்கள் நாற்பத்தாறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் செயலாளர் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இன்று எனக்கு வத்தல் லோடு.

பிப்ரவரி 4

ஞாயிறு, மார்க்கெட் விடுமுறை. மிளகாய் வத்தல் நெடியில் கழுத்தெல்லாம் எரிச்சல். வேலுத்தாய் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

அவளுடைய பழைய நூல் சேலை ஒன்றில் பாதியைக் காணோமாம். எலியாக இருக்கும் என்றேன். "எலி இம்புட்டு நேரா கிழிக்குமா?" என்று கேட்டாள். நான் ரேஷன் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 7

எங்கள் வார்டு கவுன்சிலர் தங்கக்கனி சங்கக் கொட்டகைக்கே வந்துவிட்டது. கையில் விண்ணப்பக் கட்டு. இந்தப் பிள்ளையை எனக்குப் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து தெரியும். அதன் அப்பா பிச்சையா எங்களோடு மூட்டை தூக்கியவர்.

"அண்ணே, நான் கவுன்சிலரா வரல, பிச்சையா மகளா வந்திருக்கேன். எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப பிரைவேட்ல முன்பணம் கட்டுன்னாங்க. கட்ட முடியல. வாசப்படியிலயே போயிட்டாரு. அன்னைக்கு ஒரு கார்டு இருந்திருந்தா?"

பிச்சையாவைத் தூக்கிப்போன தள்ளுவண்டியை நானும்தான் தள்ளினேன்.

"ஆள் படுத்தா அவன் வில்லையை நாங்க தூக்கிக் குடுப்போம் தாயி. உனக்குத் தெரியாததா?"

"வில்லை சோறு போடும்ணே. ஆபரேசன் பண்ணுமா?"

"சரி, சேருறியா வேணாமான்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல."

அப்படியே நெஞ்சில் தைத்தது. திட்டத்தின் நிபந்தனைப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி நானில்லை.

வில்லை என்றால் இதுதான். எங்களில் ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். லாரி வந்ததும் எங்கள் மேஸ்திரி பால்ச்சாமி அண்ணன் டப்பாவுக்குள் கையை விட்டு, எடுத்த நம்பரைக் கூப்பிடுவார். அந்த லோடு அவனுக்கு. வேண்டியவனுக்கு லேசு, வேண்டாதவனுக்குக் கனம் என்று முன்பு அடிதடி நடந்ததால் எட்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். டப்பாவுக்குக் கண் கிடையாது, சொக்காரன் பங்காளி கிடையாது. ஒருவன் சீக்கில் படுத்தாலும் அவன் வில்லையை வெளியே எடுக்க மாட்டோம். அது வந்தால் பக்கத்தில் நிற்பவன் தூக்குவான், கூலி படுத்தவன் வீட்டுக்குப் போகும். ஆள் படுத்தாலும் வில்லை படுக்காது என்பது எங்கள் சங்கத்துப் பேச்சு. இந்த எட்டு வருடத்தில் என் வில்லையை வேறு எவனும் தூக்கியதில்லை. என் வில்லை 14.

பிப்ரவரி 8

வத்தல்.

பிப்ரவரி 12

நிபந்தனைப் புத்தகம் இருபத்திரண்டு பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இரண்டு நாள் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு இன்று கொட்டகையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இருபத்துநாலு மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு. முதுகு வலி, முட்டி வலி, கழுத்துப் பிடிப்பு என்று போய் மருந்து வாங்கிவந்தால் ஒன்றும் கிடையாது.

"இடுப்பு வலிக்குப் படுக்கணும்னா நாம என்னைக்குமே எந்திரிக்க வேணாமே" என்றான் சங்கையா. எங்களில் பெரிய பலசாலி, ஒரே மூச்சில் இரண்டு வெங்காய மூட்டை தூக்குவான். அந்த வாய்க்கு ஒரு தனி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

பிறகு எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பட்டியல். ஒன்றிலிருந்து வாசித்துக்கொண்டே வந்து, பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வாசித்தேன். எங்கள் சங்கத்து இளவட்டம் குருவையா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, பதினேழு?"

"பக்கம் ஒட்டியிருக்குடா."

தொண்டை வறண்டு போயிருந்தது. இன்று வத்தல் லோடு, நெடிதான் காரணம்.

பிப்ரவரி 19

மார்க்கெட் வாசலில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். காப்பீட்டுக் கார்டு கொடுப்பதற்கு ஒரு மண்டபம், மண்டபத்துக்குக் குவிமாடம், அதற்கு முன்னால் ஒரு வளைவு, வளைவுக்கு முன்னால் நீரூற்று. மொத்தம் இரண்டரைக் கோடி. இந்த மார்க்கெட்டில் இருக்கிற ஒரே குழாயில் காற்றுதான் வருகிறது, நீரூற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். லாரியில் வரும் என்றார் இன்ஜினியர், சிரிக்காமல்.

எதிரிலேயே நகராட்சி மருந்தகம் பூட்டிக் கிடக்கிறது. டாக்டர் போடவில்லை, இரண்டு வருடமாகிறது. பூட்டின்மேல் குருவி எச்சம். இருக்கிற வைத்தியத்தைப் பூட்டிவிட்டு இல்லாத வைத்தியத்துக்குக் கட்டாயமாகக் கார்டு விற்கிறார்கள். சொந்தக் காசாக இருந்தால் எவனாவது இப்படிச் செய்வானா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஊற்றுகிறார்கள்.

எங்களுக்கு வேண்டியது ஒரு கல் மேடை. லாரித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை இருந்தால் மூட்டையைத் தரையிலிருந்து எம்பித் தூக்க வேண்டியதில்லை. அந்த எம்பலில்தான் எல்லாக் கோளாறும் வருகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதினொரு வருடமாக மனு கொடுக்கிறோம். நிதி இல்லை என்று பதில் வரும்.

பிப்ரவரி 26

இன்றும் வத்தல். வெங்காயம் நாலு லாரி, உப்பு இரண்டு, வெல்லம் ஒன்று வந்தன. எனக்கு வந்தது ஒரே ஒரு வத்தல் லாரி. வத்தல் மூட்டை பார்க்கத்தான் பூதம், தூக்கினால் பஞ்சு. டப்பாவுக்கு என்மேல் ஏதோ பிரியம். பதினெட்டாம்படி கருப்பனுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.

மார்ச் 5

திட்டத்தை ரத்து செய்யச் சொல்லி மனு எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். குருவையா பேனாவைத் தொடவில்லை.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு அந்தக் கார்டு வேணும். வீட்டுல அவளுக்கு ஏழு மாசம். தலைப் பேறுகாலத்துலயே எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவ. இந்தப் பெருங்கூத்துல ஏதாவது ஒண்ணு எனக்கு உதவாதா?"

எனக்குக் கோபம் வந்தது. சங்கத்தை உடைக்கிறாயா என்று கத்தினேன். அவன் அழவில்லை, ஆனால் மூக்கு சிவந்துபோனது. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. எங்களைக் கேட்காமல் சேர்க்கிறார்கள் என்றுதானே எனக்கு ஆத்திரம்? அவனைக் கேட்காமல் வேண்டாம் என்று எழுதுகிற நான் மட்டும் என்ன யோக்கியம்?

மார்ச் 6

மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். விரும்புகிறவர்கள் சேரட்டும், கட்டாயப்படுத்தாதே, பேட்ஜோடு முடிச்சுப் போடாதே, இரண்டரைக் கோடி வளைவு வேண்டாம். குருவையா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். நேற்றுக் கத்தியதற்கு அவனுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு என்றெல்லாம் வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

மார்ச் 11

மனு கொடுத்தாயிற்று. 27-ஆம் தேதி நகர்மன்றக் கூட்டத்தில் எனக்குப் பேச ஐந்து நிமிடம். தங்கக்கனிதான் சொல்லி வாங்கித் தந்தது. எதிர்த்துப் பேசப் போகிறவனுக்கு நேரம் வாங்கித் தருகிறதே என்று கேட்டேன். "பிச்சையா மகளாச்சேண்ணே" என்றது.

வத்தல்.

மார்ச் 18

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதியே தீர வேண்டும்.

மத்தியானம் பால்ச்சாமி அண்ணன் கீழே கிடந்த கோணி ஊசியை எடுக்கக் குனிந்தார். மடியிலிருந்த வெற்றிலைப் பை நழுவித் திறந்துகொண்டது. பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதோடு ஒரு பித்தளை வில்லை. உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. 14.

"எத்தன நாளா?"

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றார். "பொங்கலுக்கு மறுநாள்லருந்து."

கனத்த லாரி வரும்போது என் வில்லை டப்பாவிலேயே இருக்காது. வத்தல் லாரி வந்தால் மட்டும் உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுபோய், டப்பாவிலிருந்து எடுத்த மாதிரி பதினாலு என்று கூப்பிட்டிருக்கிறார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தவிர எல்லாத்துக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?"

"கேட்டா வேணாம்ப. அதான் கேக்கல."

இதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நாற்பத்தாறு பேர் சேர்ந்து எனக்கே தெரியாமல் எனக்குக் காப்பீடு போட்டிருக்கிறார்கள், அதுவும் கட்டாயமாக! நான் கொண்டுவந்த டப்பாவில், நான் செயலாளராக இருக்கிற சங்கத்தில். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. இரண்டு மாதமாக என் வெங்காயத்தையும் உப்பையும் யார் யாரோ தூக்கியிருக்கிறார்கள். நான் டைரியில் கருப்பனுக்குத் தேங்காய் எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19

காலையில் என் வில்லையை எல்லோரும் பார்க்க டப்பாவுக்குள் போட்டேன். முதல் லாரி உப்பு. கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை, நானே போய்த் தோளைக் கொடுத்தேன். இருபதாவது மூட்டையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன்.

இல்லை. கால் வழுக்கவில்லை. அடிவயிற்றின் வலப்பக்கம் முடிச்சு மாதிரி வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. வழக்கமாகக் கையால் அழுத்தினால் போய்விடும். இன்று போகவில்லை. வேர்த்துக் கொட்டியது, வாந்தி வந்தது. குருவையா என்னை லாரி நிழலில் மல்லாக்கப் படுக்க வைத்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே போனது. அந்த அரை மணி நேரமும் நான் பயந்தேன். செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 20

வேலுத்தாய் காலையில் சேலையின் மிச்சப் பாதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. எலிக்கு இதும் ஆகும். இல்லாட்டி இப்பவே எந்திரிச்சு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போனேன். ஜில்லா அரசு ஆஸ்பத்திரி, இரண்டு பஸ் மாற வேண்டும். டாக்டர் சின்ன வயது அம்மா. அவர் முன்னால் வேட்டியைத் தளர்த்தியதை எழுதப் போவதில்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த சேலைத் துணியைப் பார்த்துவிட்டு, எத்தனை வருடமாக என்று கேட்டார். இரண்டு என்றேன். வேலுத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குடலிறக்கம். எனக்குத் தெரிந்த பேர்தான். இன்னொரு முறை சிக்கிக்கொண்டால் குடல் அழுகிவிடும், உயிருக்கு ஆபத்து என்றார். ஆபரேசன் செய்தால் மூன்று மாதம் மூட்டையைத் தொடக்கூடாது.

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன, தூக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா."

இதற்குமேல் மூட்டையே தூக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு வருடம் கேட்காமல் இருந்த கேள்வி. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டார். வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வேலுத்தாய் என் தோள் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4-ஆம் தேதி ஆபரேசன். காசு கிடையாது. பஸ்ஸில் வரும்போது, "இதுவும் கவர்மெண்டு காசுதானே, இதை மட்டும் வேணாங்கலையே" என்று கிண்டினாள். இது நாம் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் ஏற்கெனவே கட்டிய காசு, ஒரே வைத்தியத்தை இரண்டு தடவை ஏன் வாங்க வேண்டும் என்றேன். இந்த ஆஸ்பத்திரியை ஒழுங்காக நடத்தட்டும், வளைவு கட்ட வேண்டாம் என்றுதானே சொல்கிறேன். வயிறு வலித்தாலும் வாய் வலிக்காது உங்களுக்கு என்றாள்.

மார்ச் 27

நகர்மன்றக் கூட்டம். சங்கத்து ஆட்கள் எல்லோரும் குளித்துச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். மண்டபத்தில் ஏழெட்டு மின்விசிறி, ஒன்றுகூட ஓடவில்லை.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். கையில் நிபந்தனைப் புத்தகம். முதலில் வளைவைப் பற்றிப் பேசினேன். நீரூற்றுக்கு லாரித் தண்ணீர் என்றதும் சிரிப்பு எழுந்தது. கட்டாயத்தைப் பற்றிப் பேசினேன். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. தொழிலாளி நல்லதுக்குத்தானே கொண்டுவாரோம். வேணாங்கறதுக்கு உருப்படியா ஒரு காரணம் சொல்லுங்க."

காரணம் இருபதாம் பக்கத்தில் இருந்தது. ஒன்றரை மாதமாக என் கையில்தான் இருந்தது. அதைச் சொன்னால் என்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் பால்ச்சாமி அண்ணன் வெற்றிலைப் பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினேழை வாசித்தேன். குடலிறக்கத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பணம் கிடையாது. ஏற்கெனவே இருந்து மறைத்திருந்தால் எப்போதுமே கிடையாது.

"அதுக்கென்ன?" என்றார் தலைவர்.

"அதான் எங்க சீக்குங்க. வேற ஆளுக்கு எப்பவாவது வரும். தரையிலருந்து எம்பித் தூக்குறவனுக்கு அதுதான் வரும். எனக்கு வந்திருக்கு. ரெண்டு வருசமா எம்பொண்டாட்டி சேலையைக் கிழிச்சு இடுப்புல கட்டிக்கிட்டு லோடு இறக்குறேன். வெளிய சொன்னா மானம் போயிரும், பேட்ஜும் போயிரும்னு இருந்தேன். எங்க கூலியில எல்லா நாளும் புடிப்பீங்க. எங்களுக்கு வர்ற சீக்குக்கு மட்டும் தர மாட்டீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் வரியில இதைத்தான் எழுதச் சொல்லியிருப்போம். கேக்காம போட்ட சட்டை எப்படிங்க அளவா இருக்கும்?"

புத்தகத்தை மடக்கினேன். அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம். பால்ச்சாமி அண்ணன் எழுந்து நின்றார்.

"எனக்கும் இருக்குங்க. மூணு வருசமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரைத் தொடர்ந்து அடுத்த வரிசையில் இருவர் எழுந்தார்கள். இன்னும் ஒருவர். எழுந்து நின்றதோடு சரி. என்னோடு சேர்த்து ஐந்து பேர்.

தங்கக்கனி தன் இடத்திலிருந்து எழுந்தது. "தலைவரே, இந்தப் புத்தகத்துல பதினேழாவதை நானும் வாசிக்கல. எங்கப்பா பேரைச் சொல்லிக் கொண்டுவந்தவ நான். கட்டாயங்கிற வார்த்தையை எடுத்துருங்க. வேணுங்கறவங்க சேரட்டும். பேட்ஜுக்கும் இதுக்கும் சம்பந்தம் வேணாம்."

இருபத்தொரு பேரில் பதின்மூன்று பேர் கை தூக்கினார்கள். கட்டாயம் போனது. வளைவும் நீரூற்றும் ஒத்திவைப்பு. முழுசாக ரத்து இல்லை, ஆனால் ஒத்திவைத்த வளைவு என்றைக்குக் கட்டப்பட்டிருக்கிறது? மருந்தகத்துக்கு டாக்டர் கேட்டு எழுதுவதாகத் தலைவர் சொன்னார். கல் மேடையையும் கேட்டேன். பழக்கதோஷத்தில் நிதி இல்லை என்றார்.

"நிதி வேணாங்க. அனுமதி மட்டும் குடுங்க, நாங்களே கட்டிக்கிறோம்."

கொடுத்தார்.

வெளியே வந்ததும் பால்ச்சாமி அண்ணனிடம், எனக்கு இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நடையைப் பாத்தேன். நானும் அப்படித்தான் நடக்கேன்" என்றார்.

மார்ச் 28

குருவையா கார்டுக்கு எழுதிக் கொடுத்தான். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான்.

ஏப்ரல் 4

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சது. டைரிய எங்கிட்ட குடுத்து எழுதச் சொல்லிட்டு உள்ள போனாரு. எழுதிட்டேன். எலி யாருன்னு எனக்கு முதல்லயே தெரியும். வேலுத்தாய்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மேலே வேலுத்தாய் எழுதியதை இன்றுதான் பார்த்தேன். சிரித்ததில் தையல் இழுத்தது.

பால்ச்சாமி அண்ணன் மாம்பழமும் பத்து நாள் கூலியும் கொண்டுவந்தார். என் வில்லை வந்தபோதெல்லாம் யார் யார் தூக்கினார்கள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். அதுதான் எங்கள் வழக்கமும்கூட. வாங்கிக்கொள்ளக் கை கூசியது. எட்டு வருடமாக மற்றவன் வீட்டுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தது நினைவு வந்தது. அவர்களுக்கும் இப்படித்தான் கூசியிருக்கும். வாங்கிக்கொண்டேன்.

"நீங்க எப்ப ஆஸ்பத்திரிக்குப் போறீங்க?" என்று கேட்டேன். வேலை கிடக்கு என்றார். நான் விடப் போவதில்லை.

மே 19

இடித்துப்போட்ட பழைய மதில் கல் நகராட்சியிடம் சும்மா கிடந்தது. சிமெண்ட், மண்டிக்காரர்கள் உபயம். ஐந்து ஞாயிற்றுக்கிழமையில் மேடை எழும்பிவிட்டது. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் வைதுகொண்டிருந்தேன். இவ்வளவு நாள் மூட்டை தூக்கி வீணாக்கிவிட்டேன், எனக்கு உகந்த வேலை இதுதான்.

குருவையாவுக்குப் பெண் குழந்தை. கார்டுக்கு வேலையே வராமல் சுகப்பிரசவம். கட்டிய காசு போனால் போகட்டும் மாமா, அந்த ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன் என்றான். அதுவும் நியாயம்தான்.

ஜூலை 15

டாக்டரம்மா சரி என்றார். மார்க்கெட்டுக்குப் போனேன். வத்தல். வேண்டுமென்றே கொடுத்தது என்று எனக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். முறைத்துவிட்டுத் தூக்கினேன்.

ஆகஸ்ட் 5

வெங்காயம்! மேடையிலிருந்து நேராகத் தோளுக்கு. ஒரு வலி இல்லை. வீட்டுக்கு வந்து வெங்காய வாடையோடு வேலுத்தாய் முன்னால் நின்றேன். குளித்துவிட்டு வாங்க என்றாள், ஆனால் சிரித்தாள்.

ஆகஸ்ட் 12

ஒருவழியாகப் பால்ச்சாமி அண்ணன் நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேருகிறார். பதினேழு தடவை கேட்டேன், பதினெட்டாவது தடவை சரி என்றார். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார். கண் கிடையாது என்று நான் பீற்றிக்கொண்ட அதே டப்பா.

மத்தியானம் ஒரு வெல்ல லாரி இறக்கிவிட்டு சங்கையா மேடையிலிருந்து இறங்கினான். கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வலது காலை ஒரு மாதிரி அகட்டி வைத்து நடந்தான். எங்கள் பெரிய பலசாலி. அந்த நடை எனக்குத் தெரியாதா?

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வருவமாடா? நானும் வாறேன்."

"எனக்கென்ன கேடு? போங்கண்ணே, வேலையைப் பாருங்க" என்று சீறிவிட்டுப் போனான்.

நாளைக்கும் கேட்பேன். அதுவரை அவனுடைய 31-ஆம் வில்லை என் சட்டைப் பையில் இருக்கும்.